என் தலையில் விழுந்த விரிசல்

பெண்ணைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போன வருஷம் ஜெர்மனிக்குப் போயிருந்தேன். போன மூன்றாம் நாளே அவள், "அம்மா, உன் ஜெர்மன்காரம்மாவோட கண்காட்சி நடக்குது, வா" என்று என்னை ஒரு மியூசியத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி இறங்கிப் பார்த்தேன். எல்லாம் விரிசல் விட்ட சிலைகள். மண்ணில் விரிசல், சிமெண்டில் விரிசல், இரும்பில்கூட எப்படியோ ஒரு விரிசல். கடைசி அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் என் தலை இருந்தது.

என் தலை என்றால் என்னுடைய தலையேதான். பத்து வயதுத் தலை. இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு நிற்கும் காது, மேடு தட்டிய நெற்றி, காதுக்குப் பின்னால் தொடங்கித் தாடைவரை ஓடும் ஒரு வெடிப்பு, இடது கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. பக்கத்தில் வைத்திருந்த கையேட்டை என் பெண் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். சிற்பி எங்கே பிறந்தார், யாரிடம் கற்றார் என்றெல்லாம் இருந்தது. எழுபதுகளில் சில வருஷம் வளைகுடாவில் இருந்தாராம். அதற்கு முன்னால் செய்ததையெல்லாம் தானே உடைத்துப் போட்டவருக்கு, அந்தப் பாலைவனத்து வெயில்தான் விரிசலின் அழகைக் கற்றுக்கொடுத்ததாம். கன்னத்துப் புள்ளியைப் பற்றியும் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலாம். அந்த வெயிலுக்காகக் கன்னத்தில் இரண்டு அறை வாங்கியவள் நான்.

அப்போது நாங்கள் ஷார்ஜாவில் இருந்தோம். அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினியர். ஊர் முழுக்க மணலும் கிரேனுமாக இருந்த காலம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ரவுண்டானா கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டிய ரவுண்டானா ஒவ்வொன்றின் நடுவிலும் ஏதாவது ஒன்றை நிறுத்தி வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். ஒன்றில் காப்பிக் கூஜா, ஒன்றில் படகு. அப்பாவின் கம்பெனிக்குக் கிடைத்தது முத்துச்சிப்பி. இரண்டு ஆள் உயரத்தில் சிமெண்டுச் சிப்பி வாயைத் திறந்துகொண்டிருக்க, உள்ளே லாரிச் சக்கரம் பருமனுக்கு ஒரு முத்து. அதைச் செய்வதற்கென்று வரவழைக்கப்பட்டவர்தான் ஜெர்மன்காரம்மா. நாற்பது வயதிருக்கும். ஆண்பிள்ளை மாதிரி கிராப்பு, எப்போதும் ஒரே நீலப் பேண்ட், கை இரண்டும் கொத்தனார் கை. கம்பெனி அவருக்கு எங்கள் பில்டிங்கிலேயே மாடியில் ஒரு ஃப்ளாட் கொடுத்திருந்தது. கீழே இருந்த கார் ஷெட்டை அவர் பட்டறையாக்கிக்கொண்டார்.

சிப்பியை அவருக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. அதைச் செய்து செய்து தன் கை கெட்டுப் போகிறது என்றும், கை மறந்துபோவதற்குள் ஒரு மனிதத் தலையைச் செய்தாகவேண்டும் என்றும் அப்பாவிடம் புலம்பியிருக்கிறார். தலைக்கு எங்கே போவது? சைட்டில் இருப்பவர்களுக்கு உட்கார நேரமில்லை. மாடிப்படியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த தலை என்னுடையது ஒன்றுதான். என் காது ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாராம். ஊரில் என்னை முறக்காது என்று கேலி செய்யாத ஆளே கிடையாது என்பதால், அம்மா இதைக் கேலி என்றே எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அந்தப் பக்கம் முகம் கொடுக்கவில்லை.

நான் ஏன் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. மார்ச்சில் நான் ஐந்து முடித்தேன். ஜூனில் திருச்சியில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு சேரவேண்டும். இடம் கிடைத்துவிட்டது. திறக்கிற நாளன்று பிள்ளை வந்து நிற்காவிட்டால் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று கறாராகக் கடிதமும் வந்திருந்தது. அழுது அடம் பிடித்திருப்பேன் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. பெரியப்பா மகள் ஏற்கெனவே அந்த ஹாஸ்டலில் இருந்தாள். மாமரம், ஊஞ்சல், பதினாறு பேர் ஒரே அறையில் படுத்துக்கொண்டு கதை பேசுவது என்று கடிதத்துக்குக் கடிதம் ஆசை காட்டியிருந்தாள். நானோ மூன்று அறை ஃப்ளாட்டில், ஏசி உறுமுவதைக் கேட்டுக்கொண்டு, தனக்குத்தானே பல்லாங்குழி ஆடுகிற ஒற்றைப் பிள்ளை. எப்போதடா ஜூன் வரும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவை விட்டுப் போகிறோமே என்ற கவலை எனக்குக் கடுகளவும் இல்லை.

அம்மாவும் போகக்கூடாது என்று சொன்னவள் அல்ல. "படிப்புன்னா போய்த்தான ஆகணும்" என்று எல்லாரிடமும் தெம்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தத் தலை சமாச்சாரம் காதில் விழுந்த மூன்றாம் நாள் திடீரென்று மனம் மாறி, செய்யட்டும், செய்து முடித்துத் தன்னிடம் ஒன்று கொடுத்தால்தான் டிக்கெட் போடலாம் என்று ஒரு நிபந்தனை போட்டாள். போட்டோதான் ஆல்பம் நிறைய இருக்கிறதே என்றார் அப்பா.

"போட்டோவைத் தடவிப் பாக்க முடியுமா?" என்றாள் அம்மா.

அப்பா காலண்டரைப் புரட்டினார். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும், பிறகு டிக்கெட் போட்டால் போயிற்று என்று கணக்குப் போட்டார் பாவம்.

ஏப்ரல் முதல் வாரம் என் கஷ்டகாலம் ஆரம்பித்தது. தினமும் நாலரை மணிக்கு ஷெட்டில் ஒரு சுழல் நாற்காலியில் உட்காரவேண்டும். எனக்கு எதிரே ஒரு ஸ்டாண்டு விசிறி. விசிறிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் பலகை, பலகையில் நட்ட இரும்புக் குழாய், குழாயைச் சுற்றிக் கம்பி. அந்தக் கம்பியின் மேல்தான் என் தலை வளர்ந்தது. ராஸ் அல் கைமா பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாகக் களிமண் வந்திருந்தது. ஜெர்மன்காரம்மா ஒரு வளைந்த காலிப்பரைக் கொண்டு வந்து காதுக்குக் காது அளப்பார், மூக்குக்குத் தாடை அளப்பார், ஏதோ முணுமுணுப்பார், மண்ணை அப்புவார், எடுப்பார், மறுபடியும் அளப்பார். அசையக்கூடாது. சிரிக்கக்கூடாது. கொட்டாவி விட்டால்கூட "நோ" என்பார். ஒன்றரை மணி நேரம் கழித்து "யல்லா, கோ" என்று அவர் விடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

இதில் கொடுமை, நான் அலுத்துப்போகக் கூடாதென்று அவர் தன் கதையைச் சொல்லுவார். அவருக்குத் தெரிந்தது பாதி இங்கிலீஷ், எனக்குத் தெரிந்தது முக்கால். உலக யுத்தம் முடிந்த காலத்தில் அவர் நாட்டில் ஒரே ஒரு தொழில்தான் ஓகோ என்று நடந்ததாம், கல்லறைக்கல் வெட்டுவது. பதினைந்து வயதில் வெளியூரில் ஒரு கல்லறைக்கல் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். முதல் வருஷம் உளியைத் தொடவே விடவில்லை. தூசி பெருக்கு, தண்ணீர் சும, உளியைத் தீட்டு. இரண்டாம் வருஷம் கல்லில் நேர்கோடு. வருஷம் பூராவும் நேர்கோடு. மூன்றாம் வருஷம்தான் எழுத்து, செத்தவர்களின் பெயர்கள். வேலைக்குக் கிளம்பிய அன்று அவருடைய அம்மா ரயிலடிக்குக்கூட வரவில்லையாம், உருளைக்கிழங்கு உரிக்க வேண்டியிருக்கிறது என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். இதை அவர் ஐந்தாறு தடவை சொன்னார். ஒரு கிழங்குக்கு இத்தனை பேச்சா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

பிறகு பெரிய ஊரில் கலைக் கல்லூரி. அங்கே ஒரு வாத்தியார். திங்கள் முதல் வெள்ளிவரை பிள்ளைகள் ஆளுக்கொரு மண்தலை செய்யவேண்டும். சனிக்கிழமை மதியம் அந்த மனுஷன் இரண்டு பக்கமும் மரப்பிடி போட்ட ஒரு கம்பியோடு வருவார். வெண்ணெய் அறுக்கிற மாதிரி ஒவ்வொரு தலையாக உச்சியிலிருந்து கழுத்துவரை அறுத்துத் தள்ளிவிட்டுப் போவார். நன்றாக வந்ததோ இல்லையோ, எல்லாமே அறுபடும். கை கற்றுக்கொண்டுவிட்டது, மண் எதற்கு என்பாராம். நான்கு வருஷம் இப்படி.

நான் இதையும் கதை என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் வியாழக்கிழமை சாயங்காலம், மறுநாள் விடுமுறை என்பதால் அம்மாவும் பார்க்க வந்திருந்தாள். தலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மூக்கு என் மூக்கு, காது என் காது. ஜெர்மன்காரம்மா தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தார். அலமாரியிலிருந்து கம்பியை எடுத்தார். எங்கள் கண்ணெதிரே என் தலையை நடுவகிடு எடுத்த மாதிரி இரண்டாகப் பிளந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "கலாஸ்" என்றார், அரபியில் முடிந்தது என்று.

அம்மா ஆடிப்போய்விட்டாள். என்னைத் தரதரவென்று மேலே இழுத்து வந்து மிளகாய், உப்பு, தெருமண் எல்லாம் கையில் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். அப்பாவிடம் அந்த அம்மாள் தொழில் கற்ற கதையைக் கேட்டதும் இன்னும் மோசம்.

"பொணத்துக்குக் கல்லு வெட்டின கையா எம்பொண்ணு தலையப் புடிக்குது?" என்று இன்னொரு தடவை மிளகாய் போட்டாள். மாடியில் ஜெர்மன்காரம்மா இருமுகிற சத்தம் கீழேவரை கேட்டது.

சரி, இதோடு விட்டது என்று நினைத்தால் விடவில்லை. மறுவாரம் மறுபடியும் ஆரம்பம். இந்த முறை அம்மா ஒரு முன்னேற்பாடு செய்தாள். யாரும் இல்லாத நேரத்தில் ஷெட்டுக்குப் போய், மண்தலையின் இடது கன்னத்தில் கண்மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் ஜெர்மன்காரம்மா துணியை விலக்கினார், பொட்டைப் பார்த்தார், என் கன்னத்தைப் பார்த்தார். இது இல்லை என்பதற்கு "மாஃபி" என்று சொல்லிச் சுரண்டி எடுத்தார். அடுத்த நாள் பொட்டு மறுபடியும் இருந்தது. சுரண்டினார். அதற்கு அடுத்த நாளும் இருந்தது. இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. "நீதானே?" என்று அவர் என்னை முறைப்பார். "அழிச்சாளா? நீ பாத்துக்கிட்டு சும்மாவா இருந்த?" என்று இவள் என்னை முறைப்பாள். கடைசியில் அப்பா போய் இங்கிலீஷில் விளக்கினார், பிள்ளைமேல் ஊர்க்கண் படாமல் இருப்பதற்காக என்று.

"கண் படுவதற்காகத்தானே நான் செய்கிறேன்?" என்றாராம் அந்த அம்மாள். அப்பா இதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. அவருக்கும் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடவேண்டும் அல்லவா.

பொட்டுப் போர் போதாதென்று துணிப் போர் ஒன்று. மண் காயாமல் இருக்க ஈரத்துணி சுற்றி, அதற்குமேல் பிளாஸ்டிக் தாள் மூடி வைக்கவேண்டும். பழைய பருத்தித் துணி கேட்டார் என்று அம்மா ஒரு நைந்த சுங்குடிப் புடவையைக் கிழித்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் கரித்துணிகூட நாலாக மடிக்கப்பட்டு, உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு வாங்கிக்கொண்டுதான் உட்காரும். குளித்துவிட்டு நான் துண்டைக் கட்டில்மேல் விட்டெறிந்தால் அன்றைக்குத் திட்டுதான். ஜெர்மன்காரம்மாவோ துணியை உருவிச் சுருட்டித் தரையில் எறிகிற ஜாதி. அம்மா வரும்போதெல்லாம் அதை எடுத்து உதறி, நாலாக மடித்து, ஸ்டூல்மேல் வைப்பாள். "இவ்வளவு படிச்சிருக்கா, ஒரு துணிய மடிக்கத் தெரியல" என்று என்னிடம் சொல்லிக்கொள்வாள்.

இரண்டாம் வியாழன், கம்பி வந்தது, கலாஸ். மூன்றாம் வியாழன், கலாஸ். நான்காம், ஐந்தாம் வியாழனும் அதேதான். எனக்கு அழுகையாக வந்தது. ஊஞ்சலும் மாமரமும் அந்தக் கம்பியில் அறுந்து அறுந்து விழுந்தன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால்கூடப் பரவாயில்லை, முடிந்தால் போதும் என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். முதல் தடவை ஆடிப்போனவள், அப்புறம் பழகிக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது. வியாழக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சேமியா பாயசம் வேறு. என்னைத் தேற்றுவதற்கு என்று நினைத்து இரண்டு டம்ளர் குடிப்பேன்.

மே பாதியாகிவிட்டது. அப்பா ஒரு நாள் மாடிக்குப் போய்ச் சத்தமாகவே பேசினார். பள்ளிக்கூடத்துக் கடிதத்தைக் காட்டினார். குழந்தையின் ஒரு வருஷப் படிப்பு போய்விடும் என்றார். ஜெர்மன்காரம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இந்த முறை அறுக்கமாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தார். சொன்னபடி அடுத்த வியாழன் கம்பியை எடுக்கவில்லை. தலை நன்றாக வந்திருந்தது. கண்ணும் உதடும் மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி அவரை ஓமன் நாட்டுச் சோஹாரில் ஒரு சைட்டைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி அனுப்பியது. ஐந்து நாள். போகும்போது துணிப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மக்கில் தண்ணீர் மொண்டு, துணிமேல் தெளித்து, தாளை இழுத்து மூடவேண்டும். வந்த உடனே இரண்டே நாளில் முடித்துவிடுவேன் என்றார். அப்பா டிராவல் ஆபீஸில் சொல்லி வைத்தார். நான் என் பெட்டியில் பாவாடைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வேளைகூட நான் தவறவிடவில்லை. என் ஊஞ்சல் அந்தத் துணியில் இருந்தது, தவறவிடுவேனா? எழுந்ததும் பல்கூட விளக்காமல் ஓடுவேன்.

நான்காம் நாள் காலையில் தெளித்துவிட்டு வந்தேன். மதியம் சாப்பாடு, தூக்கம். சாயங்காலம் மக்கை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனால், பிளாஸ்டிக் தாள் ஒரு பக்கம் கிடக்கிறது. எப்போதும் என் நாற்காலியைப் பார்த்து நிற்கிற விசிறி மண்தலையின் பக்கம் திரும்பி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. துணி ஸ்டூல்மேல் மடிப்பாக, அப்பளம் மாதிரிக் காய்ந்து இருக்கிறது. தலை வெளுத்துப்போய், காதுக்குப் பின்னாலிருந்து தாடைவரைக்கும் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது.

பதறிப்போய்த் துணியை எடுத்து வாளியில் முக்கித் தண்ணீர் சொட்டச் சொட்டத் தலைமேல் சுற்றினேன். அழுதுகொண்டே சுற்றினேன். சத்தம் கேட்டு அம்மா வந்தாள். தலையைப் பார்த்தாள். அந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றவள் திரும்பி என் கன்னத்தில் பளார் பளார் என்று இரண்டு வைத்தாள்.

"ஒரு துணிய நனைக்கத் துப்பில்ல, நீ ஹாஸ்டலுக்குப் போயி என்னத்தக் கிழிக்கப்போற?"

"காலைல நனைச்சேம்மா."

"பொய் சொல்லாத."

அம்மா அதற்குமுன் என்னை அடித்ததில்லை. திட்டுவாள், நறுக்கென்று ஒரு குட்டு வைப்பாள், அவ்வளவுதான். அடித்துவிட்டுச் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடி வாங்கியது நான், அழுகிறது இவளா என்று எனக்கு ஆத்திரம். அத்தனை நாள் செய்த தலை பாழாகிவிட்டதே என்று அழுகிறாள்போல என்று நினைத்துக்கொண்டேன். நான் உயிரோடு பக்கத்தில் நிற்கும்போது ஒரு மண்தலைக்காக அழுகிறாளே என்று இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் மதியம் ஜெர்மன்காரம்மா வந்தார். ஷெட்டில் நாங்கள் மூன்று பேரும் குற்றவாளிகள் மாதிரி நின்றோம். அவர் விசிறியைப் பார்த்து, இதை இந்தப் பக்கம் திருப்பியது யார் என்று கேட்டார். அதுவரை அவருடைய இங்கிலீஷை நன்றாகவே புரிந்துகொண்டிருந்த அம்மாவுக்கு அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஜெர்மன்காரம்மா அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வெயில். இந்த ஊர் வெயில். குழந்தையைத் திட்டவேண்டாம்" என்று அப்பாவிடம் சொன்னார்.

இனி உடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார், ஜூன் போச்சு, ஊஞ்சல் போச்சு என்று நான் விசும்பிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் உடைக்கவில்லை. முன்னால் குந்தி உட்கார்ந்து அந்த வெடிப்பை விரலால் மேலும் கீழுமாகத் தடவினார். அரைமணி நேரம் தடவியிருப்பார். கண்ணை இரண்டு குச்சிக் கோட்டோடு நிறுத்தினார். உதட்டைத் தொடவே இல்லை. பொட்டையும் விட்டுவிட்டார். அப்படியே பிளாஸ்டரில் அச்சு எடுக்கப்போகிறேன் என்றார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நன்றாக இருந்ததையெல்லாம் அறுத்துத் தள்ளினீர்களே, இந்த ஓட்டைத் தலையை மட்டும் எதற்கு வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேவிட்டார்.

"இதை நான் செய்யவில்லை. அதனால்தான் இது நன்றாக இருக்கிறது" என்றார்.

இந்த மாதிரி ஆட்களோடு எப்படி வேலை செய்வது என்று அப்பா அன்று முழுக்கப் புலம்பினார்.

இரண்டு பிரதி எடுத்தார். இரண்டிலும் பொட்டு இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி வைத்தார். ஒன்று அவருக்கு. ஒன்றை அம்மா வாங்கி டிவி பெட்டிமேல் வைத்தாள். டிக்கெட்டும் வந்துவிட்டது. அப்பாவுக்குக் கிடைத்தது பத்து நாள் லீவு. என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு உடனே திரும்பவேண்டும், மூன்று டிக்கெட் எதற்கு என்று அம்மா வரவில்லை. ஏர்போர்ட்டுக்காவது வாயேன் என்றார் அப்பா. அரிசி ஊறுகிறது, அரைக்கவேண்டும் என்றாள். எனக்கு அந்த இரண்டு அறையின் கோபம் தீரவில்லை. போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. காரில் ஏறிக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று காலையில் நாங்கள் சாப்பிட்டது புது மாவு இட்லி.

ஊஞ்சலைப் பற்றி ஒரு வார்த்தை. அது அறுந்து இரண்டு வருஷமாகியிருந்தது. பெரியப்பா மகள் புளுகியிருக்கிறாள். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை லீவுக்குப் போவேன். நான் வளர்ந்துகொண்டே போனேன், டிவிமேல் இருந்தவள் பத்து வயதிலேயே நின்றுவிட்டாள். அம்மா தினமும் அவளுக்குத் தூசி தட்டுவாள், தட்டிவிட்டுக் கையை அந்த வெடிப்பின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். நீ காய விட்டதுதானே இது என்று நான் பெரியவளான பிறகும் அவ்வப்போது குத்திக்காட்டுவாள். இல்லை என்று நானும் சளைக்காமல் சண்டை போடுவேன். அம்மா போய் எட்டு வருஷமாகிறது. அந்தச் சண்டை தீராமலே போனாள்.

மியூசியத்திலிருந்து பெண்ணின் வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. வெயிலாம், அழகாம் என்று முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவி, மேடையைத் துடைத்துத் துணியைப் பிழிந்து வைத்தேன். என் பெண் பின்னால் நின்று சிரித்தாள். "துடைக்கிற துணிய நாலா மடிச்சுத் தேச்சு வைக்கிற ஆளு பாட்டிக்கு அப்புறம் நீதாம்மா" என்றாள்.

நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காற்று இழுத்துப் போட்டிருந்தால் துணி தரையில் சுருண்டு கிடக்கும். பூனை இழுத்திருந்தாலும் அப்படித்தான். நான் எடுத்திருந்தால் எங்கேயாவது எறிந்திருப்பேன். ஜெர்மன்காரம்மா அன்றைக்குச் சோஹாரில் இருந்தார். ஸ்டூல்மேல் நாலாக மடித்து, உள்ளங்கையால் தேய்த்து வைத்திருந்தது. பத்து வயதில் அதை நான் என் கையால் எடுத்தேன், என் கையாலேயே பிரித்து வாளியில் முக்கினேன். காய்ந்திருக்கிறதே என்று மட்டும்தான் பதறினேன்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையேடு போட்டவர்களுக்கு எழுதிப் போடலாமா, வெயில் இல்லை என்று, எனக் கேட்டாள் பெண். வேண்டாம், வெயில் என்றே இருக்கட்டும் என்றேன். அம்மாவைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. என்னை இன்னும் ஒரு வாரம் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒருத்தி என் தலையையே வெடிக்க விட்டிருக்கிறாள். எனக்கு அது ஒரு ஈரத்துணிச் சமாச்சாரமாகத்தான் தெரிந்திருந்தது.